திருவிழா மேடையில் பேண்டு: கூட்டம் எழுந்து போகாமல் இருக்க

நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடியேறிவிட்டால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து பேண்டு செட்டுகளுக்கு ஓய்வே கிடையாது. தேர்ப்பவனியில் சனம் நம்மோடு சேர்ந்து நடக்கிறது. அதே செட் எட்டாம் திருவிழா ராத்திரி மேடை ஏறினால், மூன்றாவது பாட்டுக்குள் பாதி நாற்காலி காலி. எங்கள் பங்கு செட்டில் இதைச் சரிசெய்த விதம் இது. நோட்டேஷன் வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் ஒரு மார்ச். ஆட்கள் இடம் பிடிக்கிற இரைச்சலில் மெல்லிய பாட்டு எடுபடாது. இரண்டாவது, ஊருக்கே தெரிந்த பாட்டு. போட்டிக்காகப் பழகிய கஷ்டமான உருப்படி ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில்.

2. சுதி. இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். விரலுக்கு வசதியான சுதியில் நாம் வாசிப்போம். கீழே இருப்பவர்களுக்குத் தொண்டை எட்டாது, வாயை மூடிக்கொள்வார்கள். பாடுகிற சனம் எழுந்து போகாது.

பாட்டின் உச்ச ஸ்வரத்தைப் பாருங்கள். பாட்டு எஃப் மேஜரில் இருந்து, உச்சமும் மேல் எஃப் என்றால் பொதுச்சனத்துக்கு அது அதிகம். டி மேஜருக்கு இறக்கினால் பாடுவது சுகம். ஆனால் பி-ஃபிளாட் ட்ரம்பெட்டுக்குத் தாளை ஒரு முழுச்சுரம் மேலே எழுதணும்; அதனால் ட்ரம்பெட்காரர் ஈ மேஜரில், நாலு ஷார்ப்போடு வாசிக்கணும். புதுப் பிள்ளைகள் திணறுவார்கள். ஈ-ஃபிளாட் நடுவழி: உச்சம் ஒரு முழுச்சுரம் இறங்கும், ட்ரம்பெட்டுக்கு எஃப் மேஜர், ஒரே ஃபிளாட். ஈ-ஃபிளாட் வாத்தியமான ஆல்டோ சாக்ஸுக்கு (சாக்ஸபோன்) சி மேஜர், இன்னும் சுலபம்.

இதைக் கையால் மாற்றி எழுதாதீர்கள். நோட்டேஷன் எழுதுகிற கம்ப்யூட்டர் மென்பொருள் மியூஸ்ஸ்கோர் இலவசம்; பாட்டை அதில் ஒருமுறை அடித்தால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் கிடைக்கும். தாளைப் பிடிக்க துணி கிளிப் போதும். ஆரல்வாய்மொழி பக்கம் வாசித்தவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

3. இடைவெளி. ஒரு பாட்டு முடிந்து எல்லாரும் வாத்தியத்தில் தேங்கிய எச்சில் தண்ணி வடித்து, தாள் தேடி நிற்கும் நேரத்தில்தான் ஆட்கள் எழுந்திருக்கிறார்கள். சைடு டிரம் மட்டும் மெதுவாகத் தாளம் விடாமல் ஓடட்டும். அதன்மேல் ஒருவர் அடுத்த பாட்டைச் சொல்லட்டும், இரண்டே வரியில். மைக் அவருக்கு மட்டும். பித்தளை வாத்தியங்களுக்கு மைக் வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்துவார்.

4. ஒரு சரணத்தில் வாத்தியங்களை நிறுத்தி, பேஸ் டிரம் மட்டும் அடித்துச் சனத்தைப் பாடவிடுங்கள். பழைய பாட்டுக்குத்தான் இது சரிவரும்.

பிற்சேர்க்கை: கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து, டிசம்பர் ராத்திரியில் கீபோர்டோடு சேரவில்லை, ட்ரம்பெட் சுதி இறங்கி நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். குழல் குளிர்ந்தால் அப்படித்தான். மேடை ஏறுமுன் சத்தமில்லாமல் ஊதிச் சூடாக்கிவிட்டு, அப்புறம் சுதி பாருங்கள். இன்னும் இறங்கியிருந்தால் ட்யூனிங் ஸ்லைடை (சுதி சேர்க்க இழுத்துத் தள்ளுகிற குழாய்) கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். கீபோர்டுக்குச் சூடும் குளிரும் ஒன்றுதான், அதனால் அதை வைத்தே சுதி பிடியுங்கள்.