திரைப்பதிவை டிவிடியாக்கும்போது எழுத்து மங்காமல் இருக்க

டிவிடி வீடியோவின் ஒரு ஃபிரேமில் 720×576 பிக்சல்தான் இருக்கிறது. 1920×1080 கணினித் திரையில் இருப்பது இதைப்போல் சரியாக 5 மடங்கு. ஐந்து பிக்சலில் இருந்த விவரம் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். எந்த மென்பொருளும் எவ்வளவு பிட்ரேட்டும் (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு) இதை மாற்றாது. அதனால் தரத்தைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்பே முடிந்துவிட வேண்டும். மிச்சம் இருப்பது, பதிவானதை மேலும் கெடுக்காமல் வட்டு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது.

அதற்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானியுங்கள். பார்ப்பவரிடம் கணினியோ, பென் டிரைவ் போடக்கூடிய டிவியோ இருந்தால் டிவிடி வீடியோ வேண்டவே வேண்டாம். எம்பி4 கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதிக் கொடுங்கள், ஒரு பிக்சல்கூட இழக்காது. பழைய டிவிடி பிளேயரில் ஓடியே ஆக வேண்டும் என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

பால் முறையா, என்டிஎஸ்சியா

பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும் டிவி முறைகள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவுக்கு பால்: 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா, கனடாவுக்கு என்டிஎஸ்சி: 720×480, நொடிக்கு 29.97. நம் ஊரில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். வட அமெரிக்க பிளேயர்களில் பல பால் டிஸ்க்கை ஏற்காது. டொரன்டோவில் இருக்கும் உறவினருக்கு அனுப்புவதானால் என்டிஎஸ்சியில்தான் செய்ய வேண்டும். தேர்வு நம் கையில் இருந்தால், எழுத்து நிறைந்த பாடப் பதிவுக்கு பால் நல்லது. படத்தில் 96 வரிகள் (பிக்சல் வரிசைகள்) கூடுதலாகக் கிடைக்கும்.

திரையைத் தயார் செய்வது

விண்டோஸின் வழக்கமான மெனு எழுத்து 100 சதவீத அளவில் 12 பிக்சல். 1080 வரியை 576 ஆகச் சுருக்கினால் அது ஆறரைக்கும் குறைவாகிவிடும். ஆங்கில எழுத்தாவது தட்டுத்தடுமாறிப் படிக்கக் கிடைக்கும். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி; 'ன', 'ன்' இரண்டும் ஒன்றாகிவிடும். அடுத்து சுழிகள் அடைபட்டு 'ண' எது, 'ன' எது என்று தெரியாமல் போகும். 1080 திரையில் எழுத்தின் அளவு குறைந்தது 38 பிக்சல் இருந்தால் டிவிடியில் அதற்குச் சுமார் 20 பிக்சல் உயரம் கிடைக்கும். சோபாவில் உட்கார்ந்து படிக்க அதுதான் குறைந்தபட்சம்.

இதற்கு எளிய வழி, திரையின் ரெசல்யூஷனையே 1280×720 ஆக்கிவிட்டு, விண்டோஸ் அளவை 150 சதவீதம் வைத்து, பிரவுசரையோ எக்செலையோ மேலும் பெரிதாக்குவது. 720 வரியிலிருந்து 576க்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு சுருக்கம்தான். இப்படி மாற்றியதும் மானிட்டரில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். கவலை வேண்டாம், அது பேனல் செய்யும் வேலை. பதிவில் தெளிவாகவே விழும்.

பலரும் கவனிக்காமல் விடுவது கிளியர்டைப் என்ற விண்டோஸ் வசதி. எழுத்தின் விளிம்பை மென்மையாக்க விண்டோஸ் சிவப்பு, நீலச் சாயலைப் பூசுகிறது. ஒரு எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடது ஓரமும் வலது ஓரமும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். டிவிடியில் நிறத் தகவல் 360×288 அளவுக்கே சேமிக்கப்படுகிறது, அதாவது வெளிச்சத் தகவலில் கால் பங்கு. அந்தச் சாயல் பக்கத்துப் பிக்சல்களில் வழிந்து, எழுத்தைச் சுற்றி அழுக்குப் பிடித்தது மாதிரி ஆக்கிவிடும். பதிவுக்கு முன் கிளியர்டைப்பை அணைத்துவிடுங்கள்.

இதே காரணத்தால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து, கறுப்பில் சிவப்புக் கோடு எல்லாம் உருக்குலைந்துபோகும். வெளிச்ச வேறுபாடு அதிகமுள்ள ஜோடியையே பயன்படுத்துங்கள். ஒரு பிக்சல் தடிமனுள்ள கிடைக்கோடு பழைய பிக்சர் டியூப் டிவியில் துடிக்கும். முடிந்தால் இரண்டு பிக்சலாக்குங்கள். அந்த டிவிகள் நான்கு ஓரத்திலும் ஏறத்தாழ 5 சதவீதத்தை மறைத்துவிடும். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்து, முக்கியமானதை ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கைப்பேசித் திரையென்றால் நேராகப் பிடித்துப் பதிவு செய்யாதீர்கள். 1080×2400 பதிவு டிவிடியில் 182 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கிவிடும், நடுவில் ஒரு கீற்றுதான் தெரியும். கைப்பேசியைப் படுக்கவாட்டில் திருப்புங்கள். செயலி திரும்பாது என்றால் தேவையான பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள்.

பதிவு

திரையைப் பதியும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் ஃபிரேம் வேகத்தை 25 என்று வையுங்கள் (என்டிஎஸ்சி வட்டென்றால் 29.97). 30இல் பதிந்து 25 ஆக்கினால் ஆறில் ஒரு ஃபிரேம் விழுந்துவிடும். மவுஸ் அம்பு விக்கி விக்கி நகரும். கேன்வாஸும் அவுட்புட்டும் ஒரே அளவில், 1280×720இல் இருக்கட்டும். கோப்பு வகை எம்கேவி. நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். வீடியோவைச் சுருக்கும் என்கோடர் எக்ஸ்264; தர அளவான சிஆர்எஃப் 14 முதல் 16 (எண் குறையக் குறையத் தரம் கூடும்). கோப்பு பெரிதாகும், ஆகட்டும். இங்கே மிச்சம் பிடித்தால் கடைசியில் அது எழுத்தில் தெரியும். வண்ண வெளி (நிறத்தை எண்ணாக்கும் முறை) 709, வீச்சு லிமிடெட், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ்.

கைப்பேசிப் பதிவுகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் இருக்கும். அப்படியே டிவிடிக்கு மாற்றினால் போகப்போக குரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கமாக விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்தைத் தேர்ந்து, சிஆர்எஃப் 14 அளவில் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

எம்பெக்-2 ஆக்குவது

டிவிடி வீடியோவுக்கான சுருக்க முறை எம்பெக்-2. கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் இலக்கை பால்-டிவிடி என்று கொடுத்தால் அளவு, வேகம், ஃபிரேம் தொகுப்பு எல்லாவற்றையும் அதுவே சரிசெய்யும். ஆனால் சராசரி பிட்ரேட்டை 6000 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 6000 கிலோபிட்) விட்டுவிடும். எழுத்து நிறைந்த படத்துக்கு அது போதாது.

கணக்கு இதுதான். 4.7 ஜிபி வட்டில் 4.4 ஜிபி மட்டும் நிரப்புவதாக வைத்துக்கொண்டால் 35,200 மெகாபிட். அதை ஓடும் நேரத்தின் நொடியால் வகுங்கள். 60 நிமிடத்துக்கு 9.8, 90 நிமிடத்துக்கு 6.5, 2 மணி நேரத்துக்கு 4.9 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). இதில் ஒலிக்கு 0.2 கழியுங்கள், பேச்சுக்கு ஏசி-3 என்ற ஒலி வகையில் ஸ்டீரியோ 192 கேபிபிஎஸ் தாராளம். வீடியோவுக்கு விதிப்படி உச்சவரம்பு 9.8 என்றாலும், வீட்டில் எழுதிய வட்டை அந்த வேகத்தில் படிக்கப் பல பிளேயர்கள் திணறும். சராசரி 8, உச்சம் 9 என்று நிறுத்துங்கள். 70 நிமிடத்துக்கு மேல் போனால் பிட்ரேட்டைக் குறைப்பதைவிட இரண்டு வட்டாகப் பிரிப்பதே மேல்.

இரண்டு சுற்று என்கோடிங் (வீடியோவைச் சுருக்கி எழுதுவது) கட்டாயம். திரைப்பதிவு பெரும்பாலான நேரம் அசையாமல் நிற்கும், பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் திடீரென பிட் கேட்கும். எங்கே மிச்சம் பிடித்து எங்கே செலவழிப்பது என்பது முதல் சுற்றில் தெரிந்துவிடும். அசையாத எழுத்து நொடிக்கு ஒன்றிரண்டு முறை மங்கி மங்கித் தெளிந்தால், 15 ஃபிரேமுக்கு ஒருமுறை வரும் முழு ஃபிரேமுக்கு பிட் போதவில்லை என்று பொருள். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போன்ற புள்ளிகளுக்கும் காரணம் அதுவே. சராசரியை ஏற்றிப் பாருங்கள்.

கூடவே நான்கு அமைப்புகள். விகிதம் 16:9 என்று வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்; 4:3 என்று பதிந்தால் எல்லாம் ஒடுங்கி உயரமாகத் தெரியும். இன்டர்லேஸ் (ஒரு வரி விட்டு ஒரு வரியாகக் காட்டுவது) வேண்டாம், புரோகிரஸிவ் (முழுப் படமாகக் காட்டுவது) போதும். சுருக்கும் முறை பைக்யூபிக். லான்சோஸ் என்ற இன்னொரு முறை கூர்மையாகக் காட்டும், ஆனால் கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் போட்டுவிடும். வண்ணத்தை 709இலிருந்து டிவிடிக்கான 601க்கு மாற்றச் சொல்லிக் கட்டளையிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் பச்சையும் சிவப்பும் சாயல் மாறும்.

டிவிடி கட்டமைப்பும் எழுதுவதும்

இவ்வளவு பாடுபட்டதும் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மெனு போட்டு டிவிடியாகக் கட்டும் டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருள்கள், சொல்லாவிட்டால் உங்கள் கோப்பை மறுபடி என்கோட் செய்துவிடக்கூடும். வீடியோவின் பண்புகளைத் திறந்து, படம், ஒலி இரண்டுக்கும் 'காப்பி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 8 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரப் படம் சில நிமிடங்களில் முடிந்தால் காப்பிதான் ஆகிறது. அரை மணி நேரம் ஓடினால் நிறுத்திவிட்டு அமைப்பைப் பாருங்கள்.

நேரடியாக வட்டில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டையும் ஒரே கோப்பாக்கியது) எடுத்து, விஎல்சி பிளேயரில் மெனு, அத்தியாயம், ஒலி ஒத்திசைவு எல்லாம் சரிபாருங்கள். ஒத்திசைவைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டும்; தொடக்கத்தில் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பிறகு அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டு ஒன்றில் எழுதி, அதை ஓட்டப்போகும் டிவியிலேயே பாருங்கள். டிவியின் கூர்மை அளவைக் குறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டிவி போடும் ஒளிவட்டத்தை என்கோடிங் தவறென்று நினைத்து அலைவீர்கள்.

எல்லாம் சரியென்றால் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர் வட்டில், இம்க்பர்ன் மென்பொருள் கொண்டு எழுதுங்கள். 16 மடங்கு வட்டை 8 மடங்கு வேகத்தில் எழுதினால் போதும். முடிந்ததும் சரிபார்ப்பை ஓடவிடுங்கள். காகித லேபிள் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து, வட்டின் வெளி ஓரத்தில் இருக்கும் கடைசிப் பகுதிகளில் படம் சிக்கும். பெயரை வட்டில் எழுதும் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.