வரைபடத்திலிருந்து மாதிரிப் படகு: முதல் படகைத் தொடங்கும் முறை

மாதிரிப் படகு கட்ட நினைக்கும் தமிழருக்கு முதலில் வரும் ஆசை பெரும்பாலும் அன்னபூரணி அம்மாள்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன பாய்க்கப்பல் அது. அதை மேசையில் நிறுத்திப் பார்க்க யாருக்குத்தான் மனம் வராது? ஆனால் உருண்ட உடலும் பாய்க்கயிறுகளும் கொண்ட கப்பலை முதல் வேலையாக எடுத்தால், அது பாதியில் அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். ஐந்தாறு வங்குகள் (உடலின் வடிவத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) உள்ள, அடிப்பலகையும் பக்கப்பலகையும் ஒரு கூர்விளிம்பில் சேர்கிற சிறு மீன்பிடிப் படகே தொடக்கத்துக்கு ஏற்றது. அந்த விளிம்பை வரைபடங்களில் ‘சைன்’ என்று குறித்திருப்பார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய நிறுவனம் இத்தகைய தட்டையடி, ‘வி’ அடிப் படகுகளின் வரைபடங்களை இலவசமாகவே வெளியிட்டுள்ளது. அவை உண்மைப் படகு கட்டுவோருக்கானவை. சிறிதாக்கினால் மாதிரிக்கும் போதும்.

எந்த அளவுக்குச் சிறிதாக்குவது? இங்கே நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். 6 மீற்றர் நீளமும் 1,200 கிலோ எடையும் உள்ள படகை 1:10இல் கட்டினால் 600 மி.மீ. நீளம் வரும், அதன் மொத்த எடை 1.2 கிலோவாக இருக்க வேண்டும். அதையே 1:12இல் கட்டினால் நீளம் 500 மி.மீ., எடையோ வெறும் 690 கிராம். மரம், பிசின், பெயின்ட், மோட்டார், பற்றரி எல்லாம் அந்த 690 கிராமுக்குள் அடங்க வேண்டும். முதல்முறை கட்டுபவரின் மரவேலை எப்போதும் கொஞ்சம் பாரமாகத்தான் வரும். அதனால் 600 மி.மீற்றருக்குக் கீழே இறங்காதீர்கள்.

வரைபடத்தைச் சோதித்தல்

படகின் கோட்டுப்படத்தில் மூன்று தோற்றங்கள் இருக்கும்: பக்கத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதி அகலத் தோற்றம், குறுக்குவெட்டுகளின் தோற்றம். குறுக்குவெட்டுப் படத்தின் ஒரு பாதியில் அணியப் பக்க (முன்பக்க) வங்குகளும் மறுபாதியில் பிற்பக்க வங்குகளும் வரையப்பட்டிருக்கும். ஒரே புள்ளி மூன்றிலும் வருவதால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம். உதாரணமாக 4ஆம் வங்கின் நீர்க்கோட்டு (மிதக்கும்போது நீர்மட்டம் நிற்கும் கோட்டின்) அகலத்தைக் குறுக்குவெட்டுப் படத்தில் கவராயத்தால் எடுத்து, பாதி அகலப் படத்தில் வைத்துப் பாருங்கள். அரை மி.மீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் படமோ அச்சோ பிழை. இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப் பொழுது போகும். அதற்குச் சோம்பினால், பிழை பலகை ஒட்டும் நாளில்தான் வெளியே வரும்.

அச்சில் வரும் பிழைதான் எல்லாவற்றிலும் அதிகம். கணினியில் ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்ற தெரிவு இருந்தால் படம் சில வீதம் சுருங்கிவிடும். 100 வீதத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். ஏ3 தாள்களை ஒட்டிச் சேர்ப்பதைவிட, கட்டட வரைபடம் அச்சிடும் கடையில் பிளாட்டரில் ஒரே தாளாக எடுப்பது நல்லது. ஒட்டும் ஒவ்வோர் இடத்திலும் அரை மி.மீ. தவறினாலே ஏரா (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு) வளைந்துவிடும். அச்சானதும் அளவுக்கோட்டை நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து பாருங்கள். போட்டோகொப்பி இயந்திரங்கள் ஒரு திசையில் மட்டும் இழுப்பதுண்டு. கொழும்பின் ஈரத்தில் தாளும் ஊதும். ஆகவே அச்சிட்ட அன்றே வங்குகளைத் தடித்த அட்டையில் பிரதி எடுத்துவிடுங்கள்.

அளவை மாற்றி அச்சிட்டால் இன்னொரு சிக்கல் வரும். படம் பெருக்கும், பலகையின் தடிப்பு பெருக்காது. 3 மி.மீ. பலகையைச் செருக வரைந்த வெட்டுவாய் ஒன்றரை மடங்கில் 4.5 மி.மீ. ஆகிவிடும், உங்கள் கையில் இருப்பதோ 4 மி.மீ. பலகை. வெட்டுவாய்களை மட்டும் புதிதாக வரைந்துகொள்ளுங்கள்.

பலகைகள்

600 மி.மீ. படகுக்கு வேண்டியவை: வங்குகளுக்கும் ஏராவுக்கும் 4 மி.மீ. பிளைவூட், 600க்கு 400 மி.மீ. துண்டு ஒன்று, தோலுக்கு, அதாவது வெளிப்பலகைகளுக்கு, 1.5 மி.மீ. பிளைவூட், 700க்கு 150 மி.மீ. துண்டுகள் நான்கு, நெடுக்குச் சட்டங்களுக்கு 5க்கு 5 மி.மீ. கீலங்கள் (மெல்லிய மரக்குச்சிகள்) ஆறு, ஒவ்வொன்றும் 750 மி.மீ. கீலங்களுக்கு இங்கே கிடைப்பதில் சிறந்தது மலைவேம்பு. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்று கேளுங்கள். சீலிங் பலகை அடிப்பவர்களிடம் கழிவுத் துண்டு கிடைக்கும். இலேசானது, நேர் இழை, வளைக்க இசையும். மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் நேராகக் கிழித்தும் வாங்கலாம். தேக்கு, பலா வேண்டாம். முதல் படகுக்கு அவை பாரம்.

புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் பிளைவூட் வாங்கினால் முதலில் ஒரு சிறு துண்டை அரை மணி நேரம் கொதிநீரில் போடுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது. கட்டுமான மேசைக்கு மெலமைன் ஒட்டிய, வளையாத 18 மி.மீ. பலகை ஒன்று, 750க்கு 250 மி.மீ. வேண்டும். சமையலறைக் கபேட் செய்பவர்களிடம் மிச்சம் இருக்கும்.

வங்கு வெட்டும் முன்

பலர் தவறவிடும் இடம் இது. கோட்டுப்படம் காட்டுவது பெரும்பாலும் தோலின் வெளிப்புறத்தை. வங்கு தோலுக்குள்ளே நிற்பது. எனவே தோலின் தடிப்பைக் கழித்துத்தான் வங்கை வெட்ட வேண்டும். நடு வங்குகளில் 1.5 மி.மீ. கழித்தால் சரி. அணியத்தை நோக்கித் தோல் சரிந்து வருவதால், வங்கின் தளத்தில் அளக்கும்போது தடிப்பு கூடும்: 30 பாகைச் சரிவில் 1.7 மி.மீ., 40 பாகையில் ஏறக்குறைய 2 மி.மீ. சில வரைபடங்களில் ‘தோல் கழித்தது’ என்று குறிப்பே இருக்கும். அதைப் படிக்காமல் இரண்டாம் முறையும் கழித்தால் படகு மெலியும்.

ஒரு பாதியை மட்டும் வரைந்து, அட்டையை நடுக்கோட்டில் மடித்து, மறுபாதியை ஊசியால் குத்தி எடுங்கள். இரு பக்கமும் ஒத்து வர இதைவிட நிச்சயமான வழி இல்லை. மெல்லிய அலகுள்ள வளைவு வாளால் கோட்டுக்கு வெளியே அறுத்து, சாண்ட்பேப்பர் ஒட்டிய கட்டையால் கோடு வரை தேயுங்கள். ஒவ்வொரு வங்கின் மேற்புறத்திலும் இரண்டு கால்களை விட்டு வெட்டுங்கள். எல்லா வங்குகளின் காலடியும் ஒரே அடிக்கோட்டில் முடிய வேண்டும். படகைக் கவிழ்த்துத்தான் கட்டப் போகிறோம். அந்தக் கால்களே அதன் உயரத்தைக் காக்கும்.

மேசைப்பலகையில் நடுக்கோட்டையும் வங்குக் கோடுகளையும் செங்குத்தாக வரையுங்கள். வங்கைக் கோட்டின் எந்தப் பக்கம் ஒட்டுவது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இல்லை. நடுவுக்கு முன்னால் உள்ளவை கோட்டின் அணியப் பக்கத்திலும், பின்னால் உள்ளவை பிற்பக்கத்திலும் நிற்க வேண்டும். அப்போதுதான் சரிவுக்காகச் சீவும்போது மிகுதி மரம் மட்டும் போகும், வரைந்த விளிம்பு அப்படியே நிற்கும். மாற்றி ஒட்டினால் தோலுக்கும் வங்குக்கும் இடையில் வெளி விழும்.

ஏராவைப் பொருத்தியதும் ஒரு மெல்லிய கீலத்தை அணியத்திலிருந்து பின்பலகை வரை வங்குகளின் மேல் வளைத்துப் பிடித்து, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். கீலம் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். ஒரு வங்கைத் தொடாமல் போனால் அங்கே மெல்லிய சீவலை ஒட்டுங்கள். ஒரு வங்கு உந்தினால் தேயுங்கள். வரைபடத்தின் இலக்கமும் கீலத்தின் ஓட்டமும் முரண்பட்டால், 1 மி.மீற்றருக்குள் என்றால் கீலத்தையே நம்புங்கள். அதற்கு மேலென்றால் எங்கோ அளவு தவறியிருக்கிறது.

நெடுக்குச் சட்டமும் தோலும்

சைன் சட்டங்களை இடம், வலம் என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டத்தின் இழுப்பில் முழு உடலும் வாழைப்பழம்போல வளையும்; பிறகு அதை நிமிர்த்த வழியில்லை. அணியத்தில் வளைவு கடினமென்றால் கீலத்தை 20 நிமிடம் சுடுநீரில் ஊறவைத்து, வங்குகளில் கட்டி, ஒரு நாள் காயவிட்டு அதன் பிறகு ஒட்டுங்கள். ஈரக் கீலம் காயும்போது சுருங்கி ஒட்டைப் பிரிக்கும்.

தோலை நேரே பலகையில் வெட்டாதீர்கள். அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்து, சுற்றிலும் 3 மி.மீ. கூட விட்டு வெட்டுங்கள். முதலில் பக்கங்கள். அவற்றின் விளிம்பைச் சைன் மட்டத்துக்குத் தேய்த்த பின் அடிப்பலகை அதன் மேல் உட்காரும். அணியத்துக்கு அருகே அடிப்பலகை முறுகும் இடம்தான் கடினமானது. அங்கே கிளாம்ப் பிடிக்காது, ஊசிகளும் ரப்பர் பட்டியும் வேண்டும். மோட்டார் வைப்பதாக இருந்தால் விசிறித் தண்டு போகும் குழாயை அடிப்பலகைக்கு முன்னரே ஏராவில் பொருத்திவிடுங்கள். குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே வந்தால் தண்ணீர் ஏறும் என்ற கவலையில் பாதி போயிற்று.

மழைக்காலத்தில் ஒட்டு வேலை

எபொக்சிப் பிசின் ஈரக்காற்றில் காய்ந்தால் மேலே மெழுகு போன்ற படலம் வரும். அடுத்த பூச்சு அதன் மேல் ஒட்டாது. தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவி, உலர்த்தி, தேய்த்துவிட்டுப் பூசுங்கள். சுப்பர் குளூ ஈரத்தில் விரைவில் இறுகும், சுற்றிலும் வெள்ளை பூக்கும். வார்னிஷ் அடிக்கப்போகும் தளத்தில் அதைத் தவிருங்கள். மழை பெய்யும் மாலையில் பெயின்ட் அடித்தால் மினுக்கம் மங்கும்.

மேல்தளம் மூடும் முன்பே உட்புறம் முழுவதும் இரண்டு முறை எபொக்சி பூசியிருக்க வேண்டும். பிறகு கை எட்டாது. வெளிப்புறத்துக்கு ஒரு சதுர மீற்றருக்கு 50 கிராம் கண்ணாடித் துணியும் எபொக்சியும். பொலியெஸ்டர் ரெசின் மலிவுதான். மரத்தில் அதன் பிடிப்பு நாளடைவில் விடும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

தண்ணீரில்

மேல்தளம் ஒட்டும் முன் ஒரு பெரிய தொட்டியில் மிதக்கவிட்டு, பற்றரி, மோட்டார் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து நீர்க்கோட்டைப் பாருங்கள். அணியம் தாழ்ந்தால் பற்றரியைப் பின்னே நகர்த்துங்கள். ஈயத்தைச் சேர்ப்பது கடைசி வழி; சேர்த்தால் ஏராவின் மேல், மிகத் தாழ்வாக.

ஓட்டத்துக்குத் தியவன்னா ஓயாவின் கரையோ பேரை வாவியோ போதும். இடத்தைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காலை ஆறேழு மணிக்கே முடித்துக்கொள்வது நல்லது, பிறகு காற்று எழும். காலிமுகக் கடல் இந்த அளவுப் படகுக்கு இடமல்ல. பாசி விசிறியில் சிக்கிப் படகு நடுநீரில் நின்றால் நீந்திப் போகாதீர்கள். தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தொன்றைக் கட்டிக் கொண்டுபோங்கள். படகுக்கு அப்பால் எறிந்து இழுத்தால் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தண்டை உருவி, துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, மூடியைத் திறந்தபடி ஓர் இரவு காயவிடுங்கள்.