எட்டு மாத வயிற்றோடு ஓட்டுநர் தேர்வு: இருக்கையைச் சரிசெய்த விதம்

பயில்நர் உரிமத்தின் 24 மாதக் கெடு பிரசவத்தையொட்டி முடியவிருந்ததால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எட்டாம் மாதத்திலேயே கே53 எனும் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது. சிக்கல் ஏற்றத்தில் வண்டியை எடுக்கும்போது வந்தது: வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காதபடி இருக்கையைப் பின்னே தள்ளினால் கிளட்ச் முழுதாக மிதிபடாமல் என்ஜின் அணைந்து, வண்டி பின்னால் உருண்டது. அந்தத் தேர்வில் பின்னால் உருண்டால் அங்கேயே தோல்விதான்.

முதுகுக்குத் தலையணை வைத்தபோது வயிறுதான் முன்னே வந்தது. தடித்த அடியுள்ள காலணியிலோ கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதே காலுக்குத் தெரியவில்லை.

ஸ்டியரிங் தண்டுக்கு அடியில், முழங்காலுக்கு மேலே கைக்குத் தட்டுப்படும் சிறு நெம்புகோலைப் பலர் கவனிப்பதில்லை. அதைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை வயிற்றை விட்டு மார்பெலும்பின் பக்கம் உயர்த்தி, இருக்கையின் முதுகுச் சாய்வை நிமிர்த்தி, இருக்கையையும் உயர்த்திய பிறகே முன்னே நகர்த்தினேன். கிளட்ச் அடிவரை இறங்கியது. வயிற்றுக்கும் இடம் கிடைத்தது. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்போடு ஒட்டியும், மேல்பட்டை மார்புகளுக்கு நடுவிலும் இருக்க வேண்டும். உயரம் மாறினால் பார்வைக் கோணமும் மாறுமாதலால் கண்ணாடிகளைக் கடைசியில் திருத்துங்கள்.

வண்டிக்கு அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டத்தில், குனியாமல் நாலடி தள்ளி நின்று பார்த்தேன், தேர்வாளர் ஏற்றுக்கொண்டார். தேறிவிட்டேன், பெரும் நிம்மதி.