பழைய படத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள்

ஊர் வரலாற்றைச் சேகரிக்கும்போது பெரியவர்களிடம் "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ஒரு பழைய புகைப்படத்தைக் கையில் கொடுத்து, "இடப்பக்கம் நிற்பவர் யார்? பின்னால் தெரியும் கட்டடம் இப்போது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். பெயர்கள், உறவுமுறைகள், மூடிப்போன கடைகள், மாறிப்போன தெருப்பெயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். குறுக்கே பேசாதீர்கள். அவர் யோசித்துக்கொண்டு மௌனமாக இருந்தால் காத்திருங்கள். நல்ல தகவல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

பதிவு செய்யக் கைபேசியே போதும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தேதி, இடம், பேசுபவர் பெயர், பதிவைப் பகிர அவருடைய சம்மதம் ஆகியவற்றை முதலிலேயே குரலில் பதிந்துகொள்ளுங்கள். சம்மதம் ரொம்ப முக்கியம். "இதை வெளியே சொல்லாதே" என்று அவர் சொன்ன பகுதியை நீக்கிவிடத்தான் வேண்டும்.

படத்தை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற தெளிவில்) ஸ்கேன் செய்துவிட்டு அசலை உடனே திருப்பிக் கொடுங்கள். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில்தான் சரி; பேனா மை மறுபக்கம் ஊறலாம். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், படம் சேதமாகாமல் அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். கோப்பின் பெயரில் ஆண்டு, இடம், ஆட்கள் மூன்றும் இருக்கட்டும். அப்புறம் மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம்.