பாயிண்ட் ரேஸில் ஓரிரவு: நடந்து போய் டென்ட் போடுவோருக்கு

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம், பாயிண்ட் ரேஸ் தேசியக் கடற்கரைக்கு. ஆனால் காரை நிறுத்தி அதன் பக்கத்திலேயே டென்ட் போட அங்கே இடம் கிடையாது. ஸ்கை, கோஸ்ட், க்ளென், வைல்ட்கேட் என்று நான்கு நடைமுகாம்கள். நான்குக்கும் மூட்டையை முதுகில் சுமந்துதான் போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் குளிருக்குப் பயந்து கம்பளிகளை அடுக்கிக்கொண்டு வருவார்கள். ராத்திரித் தூக்கத்தைப் பெரும்பாலும் கெடுப்பவை மூடுபனியின் ஈரமும், சாப்பாடு திருடும் ரக்கூன் என்ற சிறு விலங்குகளும். ஏற்பாடுகளை இந்த இரண்டையும் வைத்தே செய்யுங்கள்.

எந்த முகாம்?

முதல் தடவை என்றால் ஸ்கை அல்லது கோஸ்ட். ஸ்கை தடமுனையிலிருந்து (காரை விட்டு நடை தொடங்கும் இடம்) ஸ்கை முகாம் 1.4 மைல், ஏற்றம்தான், ஆனால் சிறு பிள்ளைகளும் ஏறிவிடுவார்கள். லகூனா தடமுனையிலிருந்து கோஸ்ட் முகாம் 1.8 மைல், கடற்கரை கூப்பிடு தூரம். க்ளென் முகாமுக்கு பியர் வேலி பார்வையாளர் மையத்திலிருந்து 4.6 மைல். காட்டுப் பள்ளத்தாக்குக்குள் இருப்பதால் காற்று குறைவு, கூட்டமும் குறைவு. வைல்ட்கேட்டுக்கு பாலோமரின் தடமுனையிலிருந்து 5.5 மைல், பியர் வேலியிலிருந்து 6.3 மைல். ஆலமியர் அருவி கடலோரத்தில் விழுவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதுதான் சரி.

இடத்தை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். செவ்வாய், புதன் என்றால் சுலபம். அனுமதிச் சீட்டை பியர் வேலி பார்வையாளர் மையத்தில் வாங்கிக்கொண்ட பிறகே நடையைத் தொடங்க வேண்டும். வைல்ட்கேட்டுக்கு பாலோமரின் வழியாகப் போகிறவர்கள் இங்கேதான் கணக்கைத் தப்பாகப் போடுவார்கள். பியர் வேலியிலிருந்து பாலோமரின் தடமுனைக்குக் காரில் போகவே அரை மணிக்கு மேல் ஆகும். கடைசிப் பகுதி மண் சாலை வேறு. மூன்று மணிக்கு மேல் நடையைத் தொடங்கினால் குளிர்காலத்தில் இருட்டில்தான் டென்ட் போட வேண்டியிருக்கும். பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம்

ஜூலை, ஆகஸ்டில் இங்கே கடற்கரை நாள்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும். நல்ல வெயில் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். இரண்டு பேர் மூச்சில் வெளியேறும் ஈரமே ஓர் இரவில் டென்டின் உள்சுவரை நனைத்துவிடும். வெளிக்காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் அது போக வழியில்லை. குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருகிறதே என்று டென்டின் காற்றுவழிகளை எல்லாம் மூடுவதுதான் பெரிய தப்பு. இரண்டு பக்கமும் திறந்தே வையுங்கள். வெளிவிரிப்பு (டென்டின் மேல் போர்த்தும் மழைத்துணி) உள்கூட்டைத் தொடாதபடி கயிறுகளை முளைகளில் இழுத்துக் கட்டுங்கள். தொட்ட இடத்தில் ஈரம் உள்ளே இறங்கிவிடும். ஸ்லீப்பிங் பேக் சுவரில் உரசாமல் இருக்க டென்டின் நடுவில் படுங்கள்.

மரத்தடி நிழலாக இருக்கிறது என்று ஸ்கை முகாமில் ஊசியிலை மரங்களுக்கு நேர் கீழே டென்ட் போடாதீர்கள். மரங்கள் மூடுபனியை வடிகட்டி இரவு முழுக்கச் சொட்டும். வானில் மழையே இருக்காது, டென்ட் மேல் மட்டும் மழை. தரைவிரிப்பு டென்டின் அடிப்பகுதியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சொட்டும் நீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கடியில் சேர்க்கும். கோஸ்ட்டிலும் வைல்ட்கேட்டிலும் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். டென்டின் குறுகிய பக்கம் அந்தத் திசையைப் பார்க்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம். பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது. தூங்கும்போது போட ஒரு ஜோடி காலுறை, ஒரு சட்டை தனியாக பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும்.

சாப்பாடும் திருடர்களும்

முகாம்களில் விறகு மூட்டக் கூடாது. கடற்கரையில் மட்டும், அனுமதி வாங்கி, ஒதுங்கிய கட்டைகளை எரிக்கலாம். காட்டுத்தீ அபாயம் உள்ள நாட்களில் அதுவும் இல்லை. எனவே சமையலுக்கு சின்ன கேஸ் அடுப்பு. இரண்டு பேருக்கு ஓரிரவுக்கு 110 கிராம் கேஸ் குப்பி போதும், காற்றுத் தடுப்பு இருந்தால். தடுப்பு குப்பியைச் சுற்றி மூடிவிடக் கூடாது. குப்பி சூடேறினால் ஆபத்து. டென்டுக்குள் பற்றவைக்கவே வேண்டாம்.

வீட்டிலேயே ரவையை வறுத்து, தாளித்து, முந்திரியும் உப்பும் சேர்த்து ஆறவைத்துப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் கொதிநீர். கிளறி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் உப்புமா. தேங்காய்ச் சட்னி எல்லாம் ஆசைதான், ஆனால் கெட்டுப்போகும். பருப்புப் பொடியும் நெய்யும் எடுத்துக்கொள்ளலாம். முகாம் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். எப்படியும் ஒரு வடிகட்டி மூட்டையில் இருக்கட்டும்.

ஒவ்வோர் இடத்திலும் சாப்பாட்டை வைத்துப் பூட்ட உலோகப் பெட்டி உண்டு. சாப்பாட்டோடு பற்பசை, முகக் கிரீம், பிள்ளைகளின் சூயிங்கம், காலி மிட்டாய்த் தாள், குப்பை எல்லாம் அதற்குள் போக வேண்டும். டென்டுக்குள் ஒரு கடலைமிட்டாய் இருந்தாலும் ரக்கூன் துணியைக் கிழித்துக்கொண்டு வரும். பகலில் அண்டங்காக்கைகள். மேசைமேல் பையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் ஜிப்பைத் திறந்து எல்லாவற்றையும் இறைத்துவிடும்.

கடலோரமும் புதரும்

வைல்ட்கேட்டிலிருந்து ஆலமியர் அருவிக்கு மணலில் ஒரு மைல் சொச்சம். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை பார்த்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது கிளம்பி, ஏறுவதற்குள் திரும்புங்கள். நேரம் தப்பினால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் செங்குத்து மண்பாறை. அந்தப் பாறையும் சரியக்கூடியது, அதன் அடியில் உட்காரக் கூடாது.

தடத்தோரம் எங்கும் பாய்சன் ஓக், தொட்டால் அரிப்பெடுக்கும் செடி. மும்மூன்று இலைகளாக இருக்கும்; கோடை முடிவில் சிவக்கும். குளிர்காலத்தில் இலையுதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அரிப்பு வரும். அதன் எண்ணெய் செருப்பு, கைத்தடி, உடைகளிலும் ஒட்டிக்கொள்ளும். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். உண்ணி கடிக்காமல் இருக்க முழுக்கால் சட்டை, அதை காலுறைக்குள் செருகிக்கொள்ளலாம். கடித்துவிட்டால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம்.

காலையில் டென்டைப் பிரிக்கும்போது நனைந்த வெளிவிரிப்பைத் தனிப் பையில் போடுங்கள், உள்கூடு காய்ந்தே வீடு வரும். வந்த அன்றே இரண்டையும் நிழலில் விரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். நாளடைவில் நீர்த்தடுப்புப் பூச்சு பிசுபிசுத்து உரியும், அதன் பிறகு அந்த டென்ட் எதற்கும் ஆகாது.