நர்சிங் கோட்பாடுகளை வார்டுக்குக் கொண்டுபோகும்போது நேரும் தவறுகள்

கேஸ் ஸ்டடி எழுதப்போகும் மாணவிகள் பலர் முதலில் முடிவு செய்வது தியரியைத்தான். ‘எனக்கு ஓரெம், உனக்கு ராய்’ என்று கோட்பாட்டாளர்களின் பெயரைச் சொல்லி ஹாஸ்டலிலேயே பிரித்துக்கொண்டு, அதற்குத் தோதான நோயாளியைத் தேடி மறுநாள் வார்டுக்குப் போகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நோயாளியிடம் உட்கார்ந்து பேசி, அவருடைய சிக்கல் எங்கே என்று பிடிபட்ட பிறகுதான் எந்தக் கோட்பாடு உதவும் என்று சொல்ல முடியும். எழுதி முடித்த கேர் பிளானில் (பராமரிப்புத் திட்டத்தில்) கோட்பாட்டின் பெயரை அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். செய்யப்போகும் வேலை எதுவும் மாறவில்லையென்றால், அந்தக் கோட்பாட்டை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

டோரத்தியா ஓரெமின் தன்பராமரிப்புக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வோம். நர்ஸ் முழுவதுமாகச் செய்து கொடுப்பது, பாதி செய்து கொடுப்பது, கற்றுக்கொடுத்துத் துணை நிற்பது என்று மூன்று முறைகளை அவர் பிரிக்கிறார். அட்மிஷன் அன்றே நோயாளியை இவற்றில் ஒன்றில் போட்டு, டிஸ்சார்ஜ் வரை அப்படியே வைத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துபோன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அவருக்குத் திரும்பிப் படுக்கவும் நம் உதவி வேண்டும். விழுங்க முடிகிறதா என்று பரிசோதிக்காமல் ஒரு வாய் தண்ணீரும் தரக்கூடாது. சில நாளில் வலது கையால் இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டுவிடுவார். சட்டைப் பொத்தான் போட வராது. மாத்திரை எதற்கு என்று சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரே ஆள், ஒரே நாள், மூன்று முறைகளும் தேவைப்படுகின்றன. ஆகவே சாப்பாடு, குளியல், கழிப்பறை, மருந்து என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

இங்கே நம் ஊர் வார்டுக்கே உரிய ஒன்று உண்டு. படுக்கையருகே மனைவியோ மகளோ எப்போதும் இருப்பார்கள். அந்த அம்மா கணவருக்குப் பாசத்தோடு ஊட்டிவிடுவார், நல்லாயிருக்கும் வலது கை சும்மா கிடக்கும். கேர் பிளானிலோ ‘உறவினர் உதவியுடன் உணவு உட்கொள்கிறார்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். தன்னைச் சார்ந்தவரைப் பராமரிப்பவரின் திறனையும் ஓரெம் தன் கோட்பாட்டுக்குள் சேர்த்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், எவ்வளவு தாங்கும், இரவில் தூங்குகிறாரா என்பதும் நம் மதிப்பீட்டில் வரவேண்டும். எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் வேலை.

வர்ஜீனியா ஹெண்டர்சனைப் படித்தவர்களுக்கு 14 அடிப்படைத் தேவைகள் மனப்பாடமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிப்பதோடு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பிரச்சினை. நர்ஸின் பணி எது என்று அவர் சொன்னதில் இன்னும் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது: தேவையான வலிமையோ, மனமோ, அறிவோ இருந்திருந்தால் ஒருவர் தானே செய்துகொள்ளக்கூடியதை அவருக்குச் செய்ய உதவுவது. இந்த மூன்றில் எது குறைகிறது என்று கேட்டுப் பழகினால் கேர் பிளானே வேறாகிவிடும். சர்க்கரை நோயாளி ஒருவர் வீட்டில் இன்சுலின் சரியாகப் போடவில்லை. கண் மங்கி சிரிஞ்சின் கோடு தெரியவில்லையா? அது வலிமைக் குறை. வீட்டில் வேறொருவருக்குப் பழக்க வேண்டும். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கு, மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட சிரிஞ்சை வாங்கிவிட்டாரா? அப்படியென்றால் 10 என்ற கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 4 யூனிட்தான். அது அறிவுக் குறை. ‘ஊசி ஆரம்பித்தால் கடைசிக் காலம் வந்துவிட்டது’ என்று பயந்து நிறுத்திவிட்டாரா? அவரிடம் சிரிஞ்சைக் காட்டி வகுப்பெடுப்பதில் பயனில்லை. மூவருக்கும் ‘சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது’ என்ற ஒரே வரியை எழுதுவது எனக்குப் பொறுக்கமுடியாத விஷயம்.

ஐடா ஜீன் ஓர்லாண்டோவை நாம் சீக்கிரம் கடந்துவிடுகிறோம். 1961-இல் அவர் வலியுறுத்தியது எளியது: நோயாளியைப் பார்த்து உனக்குத் தோன்றியதை, அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள். தண்ணீர் குடிக்க மறுக்கும் பாட்டியைப் ‘பிடிவாதக்காரி’ என்று ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவரில் சொல்லிவிடுகிறோம். கேட்டால், ராத்திரி பெட்பேனுக்காக யாரையும் எழுப்பத் தயங்கித்தான் குடிக்காமல் இருப்பதாகச் சொல்லக்கூடும்.

மேடலின் லெய்னிங்கரின் பண்பாட்டுப் பராமரிப்புக் கோட்பாட்டில் இரண்டு எதிரெதிர் தவறுகள் நடக்கின்றன. பெயரையும் மதத்தையும் பார்த்து ‘இவர்கள் இப்படித்தான்’ என்று முடிவு செய்வது ஒன்று. குடும்பப் பழக்கம் என்பதால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது இன்னொன்று. காப்பது, இணங்கிச் செல்வது, மாற்றியமைப்பது என்று அவர் மூன்று வழிகள் வைத்திருக்கிறார். பிரசவித்த பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் கொடுக்கிறார்களா, தாராளமாகக் கொடுக்கட்டும். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்று மாமியார் சொன்னால், சீரகத் தண்ணீரும் வெந்நீருமாகக் குடிக்க வைக்கலாம். மாமியார் பேச்சையும் தட்டியதாகாது, தாய்க்கும் நீர் குறையாது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை (சர்க்கரைத் தண்ணீரோ தேனோ) வைக்க வந்தால் அதை மாற்றியாக வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் குழந்தை யாருடைய குணத்தைப் பெறவேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தப் பெரியவரை அழைத்தார்களோ, அவரையே குழந்தையை முதலில் மடியில் வாங்கச் சொல்லலாமே! திட்டி வெளியே அனுப்பினால் சேனை வீட்டுக்குப் போனபின் நடக்கும்.

கடைசியாக, இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு ஒன்று. பாட்ரிசியா பென்னர் 1984-இல் விவரித்த, புதியவரிலிருந்து வல்லுநர் வரையான ஐந்து நிலைகள் சர்வீஸ் வருடக் கணக்கு அல்ல. ஐசியூவில் பழம் தின்று கொட்டை போட்ட ஸ்டாஃப் நர்ஸும் லேபர் வார்டுக்கு மாற்றலாகி வந்தால் அந்த வேலையில் புதியவர்தான். ‘சீனியர்தானே’ என்று முதல் இரவே தனியாக டியூட்டி போடாதீர்கள். கூடவே அந்த வார்டு தெரிந்த ஒருவரைப் போடுங்கள், அவர் பணியில் இளையவராக இருந்தாலும்.