சிற்றூர்க் கொல்லர் மூன்றாம் லெவலை அடைவது எப்படி? டி அண்ட் டி ஆட்டத்தில் என்பிசிகளை வளர்க்கும் முறை

பகடையும் விதிநூலும் கொண்டு மேசையில் கதையாக ஆடப்படும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தைப் புதிதாக நடத்தத் தொடங்கும் டன்ஜன் மாஸ்டர்கள், அதாவது கதையை நடத்துபவர்கள், பலரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் பூதங்களை வீழ்த்தி, அனுபவப் புள்ளி சேர்த்து, லெவல், அதாவது திறன்நிலை, ஏறிக்கொண்டே போகின்றன. வாழ்நாளில் ஒரு சண்டையையும் பார்த்திராத கொல்லரும் மருத்துவச்சியும் விடுதிக்காரரும் போன்ற என்பிசிகள் (டன்ஜன் மாஸ்டரே இயக்கும் பாத்திரங்கள்) எதைக் கொண்டு ஏறுவார்கள்? அவர்கள் தங்கள் தொழிலாலும் கடந்துபோகும் ஆண்டுகளாலும் ஏற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இதற்கு மிக வசதியானது 2003-இல் வெளிவந்த 3.5 பதிப்பு என்பதால், அதன் விதிகளைக் கொண்டே ஒரு கொல்லரைத் தொடக்கத்திலிருந்து உருவாக்கிப் பார்ப்போம்.

முதல் படி: கிளாஸைத் தேர்ந்தெடுத்தல்

அந்தப் பதிப்பில் சாதாரண மக்களுக்கென்றே ஐந்து கிளாஸ்கள் (பாத்திர வகைகள்) உள்ளன. உழவருக்கும் கூலியாளுக்கும் காமனர், காவலருக்கு வாரியர், கைவினைஞருக்கும் வணிகருக்கும் எக்ஸ்பர்ட், பிரபுவுக்கு அரிஸ்டோகிராட், சிறு மந்திரங்கள் அறிந்த ஊர்ப் பூசாரிக்கு அடெப்ட். இவற்றுள் எக்ஸ்பர்ட்தான் கொல்லருக்குப் பொருந்தும். ஒவ்வொரு லெவலுக்கும் அவருக்கு 6 ஸ்கில் (திறமை) புள்ளிகளுடன் அறிவுக்கான போனஸும் கிடைக்கிறது. தொடக்கத்தில் அது நான்கு மடங்கு.

நம் கொல்லர் மனிதர், அவருடைய அறிவு 12, அதாவது போனஸ் +1 என்று வைத்துக்கொள்வோம். ஆயுதம் செய்யும் ஸ்கில்லில் முதல் லெவலுக்கு உரிய உச்சமான 4 ரேங்க்கை, அதாவது 4 புள்ளிகளை, போடுங்கள். அந்த ஸ்கில்லுக்கு +3 தரும் ஸ்கில் ஃபோகஸ் என்னும் ஃபீட்டையும் (சிறப்புத் தகுதி) கொடுங்கள். அறிவின் +1-உடன் சேர்த்து மொத்தம் +8 ஆகிறது. லெவல் ஏறும்போது உண்மையில் என்ன மாறுகிறது என்பதைக் காட்டப்போவது இந்த எண்தான்.

இரண்டாம் படி: புள்ளிகளை ஆண்டுக் கணக்கில் வழங்குதல்

இரண்டாம் லெவலுக்கு 1,000, மூன்றாவதற்கு 3,000, நான்காவதற்கு 6,000, ஐந்தாவதற்கு 10,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். இந்த அட்டவணை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஓராண்டு பட்டறை உழைப்புக்கு எத்தனை புள்ளி என்று விதிநூல் வகுத்துத் தரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப நான் கையாளும் அளவு எளிமையானது: வழக்கமான ஓர் ஆண்டுக்கு 100, தன்னைவிடத் தேர்ந்த ஒருவரிடம் கற்கும் ஆண்டுக்கு 250, ஊரையே உலுக்கிய ஒரு நெருக்கடியில் தன் தொழிலால் துணை நின்ற ஆண்டுக்கு 300.

ஒவ்வொரு முக்கியமான என்பிசிக்கும் ஓர் அட்டை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு வரி எழுதுங்கள். எங்கள் மேசையிலிருக்கும் கொல்லரின் அட்டை இருபதாம் வயதில், பூஜ்யம் புள்ளிகளுடன் தொடங்குகிறது. முப்பது வயதில் 1,000 நிறைந்து இரண்டாம் லெவல். முப்பத்து நான்கில் 1,400. அடுத்த வரியில், ‘ஆர்க்குகள் ஊரைச் சூழ்ந்த குளிர்காலம், ஒன்பது நாளில் 120 ஈட்டிமுனை, 300’ என்று எழுதியிருக்கிறேன். அதன்பின் மலையடிவாரத்துக் குள்ளர் இனக் கொல்லரிடம் இரண்டாண்டு பயிற்சி, அதற்கு 500. மேலும் எட்டு ஆண்டு வழக்கமான உழைப்புக்குப் பிறகு, நாற்பத்தைந்தாம் வயதில் 3,000 நிறைந்து மூன்றாம் லெவலை எட்டுகிறார். அட்டையைப் படித்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை கண்முன் வருகிறது. ஆட்டக்காரர்கள் அவரிடம் பேச்சுக் கொடுக்கும்போது அந்த ஒன்பது நாளைப் பற்றி அவரே சொல்வார்.

மூன்றாம் படி: லெவலைத் தொழிலில் காட்டுதல்

இந்தப் படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சாதாரணமான நீள்வாள் ஒன்றைச் செய்ய, இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு ஸ்கில்லின் மொத்தத்தைக் கூட்டி 15 என்ற இலக்கை எட்ட வேண்டும். மாஸ்டர்வொர்க் எனப்படும் உயர்தர வேலைக்கு 20. அவசரமோ ஆபத்தோ இல்லாதபோது பகடை உருட்டாமலேயே 10 விழுந்ததாகக் கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. எனவே முதல் லெவல் கொல்லர் சாதாரணக் கருவிகளோடு நிதானமாக உழைத்தால் 18 வரை எட்டுவார். அவருடைய நீள்வாள் ஒருபோதும் பிசகாது. ஆனால் உயர்தர வேலை கைகூடாது. துணிந்து பகடை உருட்டினால் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்; 7 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் மூலப்பொருளில் பாதி வீணாகிவிடும்.

மூன்றாம் லெவலில் ரேங்க் 6 ஆகிறது, மொத்தம் +10. அதே கருவிகள், அதே உலை, அதே நிதானம். இப்போதோ சரியாக 20. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு ஆயுதத்தைத் தாக்குதலில் +1 கொண்டதாக மாற்றுகிறது. 15 தங்கக் காசுக்கு விற்ற நீள்வாளின் விலை 315 ஆகிறது. இந்த ஒரு கணக்குக்காகவே நான் இந்தப் பதிப்பை விரும்புகிறேன். ஹிட் பாயிண்ட்டுக்கு (எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண்) லெவலுக்கு ஓர் ஆறு பக்கப் பகடை உருட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் லெவலில் கிடைக்கும் புதிய ஃபீட்டையும் மறவாமல் எழுதுங்கள்.

நான்காம் படி: வரம்பு வைத்தல்

தொடக்க காலத்தில், ஆட்டக்காரர்களின் கதாநாயகர்கள் ஒரு லெவல் ஏறும்போதெல்லாம் ஊர் விடுதிக்காரரையும் ஒரு லெவல் ஏற்றிவந்தேன். ஐந்தாம் லெவலில் ஓர் ஆட்டக்காரர், ‘அண்ணா, இவரே போய் ஆர்க்குகளை விரட்டலாமே, எங்களை ஏன் அனுப்புகிறார்?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

இதற்கு விதிநூலே ஓர் அளவுகோல் தருகிறது. 401 முதல் 900 பேர் வாழும் கிராமத்தில், மிக உயர்ந்த எக்ஸ்பர்ட்டின் லெவலை அறிய நான்கு பக்கப் பகடைகள் மூன்றை உருட்டி, வரும் கூட்டுத்தொகையிலிருந்து 1 கழிக்க வேண்டும். 6 வந்தால், அதில் பாதியான மூன்றாம் லெவலில் இருவர், அவர்களுக்குக் கீழே முதல் லெவலில் நால்வர் என்று படிநிலை இறங்குகிறது. எஞ்சிய ஊராரில் மிகப் பெரும்பாலோர் முதல் லெவல் காமனர்களே. உங்கள் கொல்லருக்கு அந்தப் படிநிலையில் ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த லெவலைக் கொடுங்கள்.

கதாநாயகரோடு பயணம் போகும் துணையாளுக்கு மட்டும் கணக்கு வேறு. லீடர்ஷிப் ஃபீட்டால் சேர்ந்த துணையாளின் லெவலைக் கதாநாயகரின் லெவலால் வகுத்து, கதாநாயகர் பெற்ற புள்ளிகளால் பெருக்க வேண்டும். ஆறாம் லெவல் கதாநாயகர் 900 பெற்றால், நான்காம் லெவல் துணையாளுக்கு 600 சேரும்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை ஆடுவோர் கவனிக்க: அங்கே காமனர் என்பவர் 4 ஹிட் பாயிண்ட் கொண்ட ஒரு குறிப்பு மட்டுமே, அவருக்கு லெவல் கிடையாது. கூடவே வரும் ஒருவரை வளர்க்க விரும்பினால், 2020-இல் வெளிவந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலிலுள்ள சைட்கிக் (துணைப் பாத்திரம்) விதிகளைப் பயன்படுத்துங்கள். குழுவின் சராசரி லெவல் ஏறும்போது அவரும் ஏறுவார். ஊரிலேயே இருப்பவர்களுக்கு அட்டையும் ஆண்டுக்கு ஒரு வரியுமே போதும். லெவலுக்குப் பதிலாகத் தொழில் திறனின் போனஸை மட்டும் மெல்ல உயர்த்துங்கள்.

ஐந்தாம் படி: அட்டையைப் புதுப்பித்தல்

ஆட்ட உலகில் ஓராண்டு கடந்ததும், அடுத்த அமர்வுக்கு முன் அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டின் வரியையும் புள்ளியையும் எழுதுங்கள். எவருடைய கூட்டுத்தொகை 1,000-ஐயோ 3,000-ஐயோ தாண்டுகிறதோ, அவருக்கு மட்டும் ரேங்க்கையும் ஹிட் பாயிண்ட்டையும் திருத்தினால் போதும். கதாநாயகர்கள் நெடுநாள் கழித்து அந்த ஊருக்குத் திரும்பும்போது, கொல்லர் பேசுவதற்கு முன்பாகப் பட்டறைச் சுவரில் தொங்கும் புதிய வாளை விவரியுங்கள்.